‘ஆஸ்கருக்குப் போன படம்’ எந்தக் கதவு வழியாகப் போனது?

2023 மார்ச் 13, திங்கட்கிழமை. மலேசியாவில் காலைப் பசியாறல் தொடங்கி மதியச் சோறு வேகும் நேரத்துக்குள் லாஸ் ஏஞ்சலிஸ் டால்பி அரங்கிலிருந்து மூன்று செய்திகள் வந்தன. ஈப்போவில் பிறந்த மிஷல் இயோவுக்குச் சிறந்த நடிகை விருது. முதுமலை யானைக் குட்டியையும் அதை வளர்த்த தம்பதியையும் பற்றித் தமிழில் எடுத்த ‘தி எலிஃபெண்ட் விஸ்பரர்ஸ்’ படத்துக்கு ஆவணக் குறும்பட விருது. தெலுங்கு ‘ஆர்ஆர்ஆர்’ படத்தின் ‘நாட்டு நாட்டு’வுக்குச் சிறந்த பாடல் விருது. ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் ஒட்டுக்கடைப் பேச்சுக்கு இது போதும்: “நம்ம ஆளுங்க ஆஸ்கர் வாங்கிட்டாங்க.”

சந்தோஷத்தில் பிழையில்லை. ஆனால் அந்த மூன்றில் ஒன்றுகூட ஒரு நாட்டின் பேரில் போனதில்லை. அதே ஆண்டு இந்தியா தன் பேரில் அனுப்பிய படம் குஜராத்தி மொழியில் எடுத்த ‘செல்லோ ஷோ’. அது பாதி வழியில் நின்றுவிட்டது. ஆக, நாடு அனுப்பியது வெல்லவில்லை. நாடு அனுப்பாதது வென்றது. இது எப்படி நடந்தது என்று புரிந்துகொண்டால் ஆஸ்கரில் பாதி புரிந்த மாதிரி.

குழப்பத்துக்கு ஒரு காரணம் நம் பேச்சிலேயே இருக்கிறது. “ஆஸ்கருக்குப் போச்சு” என்ற ஒரே சொல்லை ஐந்து விஷயங்களுக்குச் சொல்கிறோம். படம் விண்ணப்பித்துத் தகுதிப் பட்டியலில் ஏறியதற்கும் அதுதான், நாடு தேர்ந்தெடுத்து அனுப்பியதற்கும் அதுதான். 15 படக் குறும்பட்டியலில் வந்தாலும், கடைசி ஐந்தில் வந்தாலும், வென்றே விட்டாலும் அதே பேச்சு. பத்திரிகைத் தமிழும் உதவுவதில்லை. இந்தியாவில் ஒரு குழு படத்தைத் தேர்ந்தெடுத்தால் “ஆஸ்கருக்குப் பரிந்துரை” என்று எழுதுகிறார்கள். அமெரிக்காவில் கடைசிச் சுற்றுக்குள் நுழைந்தாலும் அதே “பரிந்துரை”தான். முதலாவது, பள்ளிக்கூடம் பிள்ளையைப் போட்டிக்கு அனுப்புவது. இரண்டாவது, பிள்ளை இறுதிச் சுற்றுக்கு வந்துவிடுவது. இந்தக் கட்டுரையில் முதலாவதை ‘அனுப்பியது’ என்றும் இரண்டாவதை ‘இறுதிப் பட்டியல்’ என்றும் சொல்வோம்.

சங்கம் வேண்டாம் என்று தொடங்கிய சங்கம்

தோட்டத்தில் தொழிற்சங்கம் கால் ஊன்றும் முன்னே நிர்வாகம் முந்திக்கொண்டு, “தனிச் சங்கம் எதற்கு? தண்டல், கிராணி, பால்மரம் வெட்டுகிறவர் எல்லாரும் உட்காரும் குழு ஒன்றை நாமே வைப்போம். குறை இருந்தால் அதில் பேசித் தீர்க்கலாம்” என்று சொன்னால் என்ன நினைப்பீர்கள்? ஆஸ்கரின் பிறப்பு கிட்டத்தட்ட அப்படித்தான்.

1926 நவம்பரில் ஹாலிவுட் ஸ்டூடியோக்கள், தச்சர், மின்பணியாளர், மேடைப் பணியாளர் முதலானோரின் சங்கங்களோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியதாயிற்று. அடுத்து நடிகரும் எழுத்தாளரும் இயக்குநரும் சங்கம் சேர்ந்தால் செலவு எங்கே போகும் என்ற கவலை முதலாளிகளுக்கு. எம்ஜிஎம் ஸ்டூடியோவின் தலைவர் லூயிஸ் பி. மேயர் 1927 தொடக்கத்தில் சிலரைக் கூப்பிட்டுப் பேசினார். 36 பேர் நிறுவனர்களாகச் சேர, அந்த ஆண்டு மே மாதம் ‘அகாடமி’ பிறந்தது. அகாடமி என்றால் இங்கே பள்ளிக்கூடம் இல்லை. திரைத்தொழிலில் இருப்பவர்கள் சேர்ந்த சங்கம். முதல் தலைவர் நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்ஸ். நடிகர், இயக்குநர், எழுத்தாளர், தயாரிப்பாளர், தொழில்நுட்பக்காரர் என்று ஐந்து கிளைகள். ஆஸ்கர் பரிசான தங்கச் சிலை நிற்கும் பிலிம் சுருளில் ஐந்து ஆரங்கள் இருப்பது இதனால்தான்.

பரிசு கொடுப்பது அப்போது முக்கிய வேலையே இல்லை. பல குழுக்களில் ஒன்று சொன்ன ஒரு யோசனை, அவ்வளவுதான். சம்பளத் தகராறைத் தீர்ப்பதுதான் பெரிய வேலை. அதில்தான் சறுக்கியது. 1933இல் பொருளாதார நெருக்கடியைக் காட்டி ஸ்டூடியோக்கள் எட்டு வாரத்துக்குச் சம்பளத்தை வெட்டியபோது அகாடமி முதலாளி பக்கம் சாய்ந்ததாகத் தொழிலாளர்கள் கொதித்தார்கள். நடிகரும் எழுத்தாளரும் தங்களுக்கென்று தனிச் சங்கம் கண்டது அந்த ஆண்டுதான். 1936 விழாவைப் புறக்கணிக்கும்படி சங்கங்கள் சொல்லின. திரைக்கதைக்காக வென்ற டட்லி நிக்கல்ஸ் பரிசை மறுத்தார். ஆஸ்கரை மறுத்த முதல் ஆள் அவர். அதன் பிறகு அகாடமி சம்பளப் பேச்சிலிருந்து விலகிக்கொண்டது. வந்த வேலை போய், ஓரமாய் வைத்திருந்த பரிசு மட்டும் மிஞ்சியது.

இதுவரை சொன்னதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஆஸ்கர் ஓர் உலகக் கோப்பை இல்லை. ஒரு நாட்டுத் திரைத்தொழிற் சங்கத்து உறுப்பினர்கள், பெரும்பாலும் அந்த நாட்டில் திரைக்கு வந்த படங்களுக்குப் போடும் ஓட்டு. பிரான்சில் நடக்கும் கான் திரைப்பட விழாவிலோ இந்திய தேசிய விருதிலோ சின்ன நடுவர் குழு உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும். ஆஸ்கரில் உட்கார்ந்து பேசுவது கிடையாது. இன்று ஏறக்குறைய 10,000 உறுப்பினர்கள் அவரவர் வீட்டிலிருந்து ஓட்டுப் போடுகிறார்கள். அதனால் “ஆஸ்கர் நடுவர்கள் ஏமாற்றிவிட்டார்கள்” என்று திட்ட ஆளே இல்லை.

15 நிமிட விருந்திலிருந்து மூடிய உறைவரை

முதல் விழா 1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில். சுமார் 270 பேர் வந்தார்கள். நுழைவுச் சீட்டு 5 டாலர். பரிசு வழங்கிய நேரம் 15 நிமிடம். பரபரப்பே இல்லை, யார் வென்றார் என்பதை மூன்று மாதம் முன்பே அறிவித்தாகிவிட்டது. சிறந்த படம் ‘விங்ஸ்’. முதல் நடிகர் எமில் யானிங்ஸ். முதல் நடிகை ஜேனட் கேய்னர், ஒன்றல்ல, மூன்று படங்களுக்குச் சேர்த்து ஒரே விருது. அப்போதைய கணக்காண்டு 1927 ஆகஸ்டிலிருந்து 1928 ஜூலைவரை. ஜனவரி முதல் டிசம்பர்வரை என்ற கணக்கு 1934ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வந்தது. பழைய படப் பட்டியல்களில் ஆண்டு ஒன்று முன்னே பின்னே தெரிந்தால் இந்தக் கணக்கும், விழா அடுத்த ஆண்டில் நடப்பதும்தான் காரணம்.

சிலையைச் செட்ரிக் கிப்பன்ஸ் வரைந்தார், ஜார்ஜ் ஸ்டேன்லி வடித்தார். உயரம் 34 சென்டிமீட்டர், எடை 3.85 கிலோ, ஏறக்குறைய நான்கு பொட்டலம் சீனி. உள்ளே வெண்கலம், மேலே 24 காரட் முலாம். இரண்டாம் உலகப் போரில் உலோகத் தட்டுப்பாடு வந்தபோது பூச்சடித்த சுண்ணச் சிலையைக் கொடுத்தார்கள். ‘ஆஸ்கர்’ என்ற செல்லப் பேர் எப்படி வந்தது என்று மூன்று நான்கு கதைகள் உண்டு; எதையும் நம்பித்தான் ஆகவேண்டும் என்றில்லை. 1939இல் அகாடமி அந்தப் பேரை ஏற்றுக்கொண்டது.

சுவையான பகுதி விதிமுறைகளின் வரலாறு. இன்று நாம் பார்க்கும் ஒவ்வொரு விதியும் ஏதோ ஓர் ஓட்டைக்குப் போட்ட ஒட்டு.

1935 விழாவுக்கு முன் பெட் டேவிஸ் என்ற நடிகையின் பேர் இறுதிப் பட்டியலில் இல்லை என்று பெருங்கூச்சல் எழுந்தது. பட்டியலில் இல்லாதவர் பேரையும் கையால் எழுதி ஓட்டுப் போடலாம் என்று அகாடமி இறங்கிவந்தது. அப்படியும் அவர் வெல்லவில்லை. ஆனால் எண்ணிக்கையில் சந்தேகம் வரக்கூடாது என்று பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற வெளிக் கணக்குத் தணிக்கை நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தார்கள். அந்த நிறுவனம் பேர் கொஞ்சம் மாறி இன்றும் எண்ணுகிறது. அடுத்த ஆண்டு ஹல் மோர் என்ற ஒளிப்பதிவாளர் கையால் எழுதிய ஓட்டிலேயே வென்றுவிட்டார். உடனே அந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

1940 வரை முடிவுகளைப் பத்திரிகைகளுக்கு முன்கூட்டியே கொடுத்து, “இரவு 11க்கு மேல் போடுங்கள்” என்று சொல்லிவைப்பது வழக்கம். அந்த ஆண்டு ‘லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்’ மாலைப் பதிப்பிலேயே போட்டுவிட்டது. விருந்துக்கு வந்தவர்கள் யார் வென்றார் என்று படித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். 1941இலிருந்து மூடிய உறை. தொலைக்காட்சி 1953இல் வந்தது; அதற்கப்புறம்தான் இது வீட்டுக்கூடத்து விழா.

பெரட்டில் பேர் கூப்பிட்டால் சம்பளம் ஆகாது

தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தண்டல் பேர் கூப்பிடுவார். பேர் கூப்பிட்டது உண்மைதான். ஆனால் அது சம்பளம் இல்லை, அன்றைக்கு வேலைக்கு வந்திருக்கிறார் என்ற பதிவு. ஆஸ்கரின் ‘தகுதிப் பட்டியல்’ அதுதான். நிபந்தனைகளை நிறைவேற்றி, படிவம் கொடுத்த படங்கள் அத்தனையின் பேரும் அதில் இருக்கும். தரம் பார்த்து யாரும் சேர்ப்பதில்லை.

நிபந்தனைகள் பொதுவாக இவை. படம் 40 நிமிடத்துக்கு மேல் ஓடவேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க், சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரம், சிகாகோ, டாலஸ், அட்லாண்டா ஆகிய ஆறு நகர்ப் பகுதிகளில் ஏதாவது ஒன்றில், காசு கொடுத்துப் பார்க்கும் திரையரங்கில் தொடர்ந்து 7 நாள் ஓடவேண்டும். நாளைக்கு மூன்று காட்சியாவது. அதில் ஒன்று மாலை 6க்கும் இரவு 10க்கும் இடையில் தொடங்கவேண்டும். அமெரிக்காவில் தமிழ்ப் படங்கள் இப்போது வாராவாரம் வெளியாவதால் பெரிய தமிழ்ப் படத்துக்கு இது மலையேறும் வேலை இல்லை. விநியோகஸ்தர் மெனக்கெட்டால் போதும்.

எண்களைப் பாருங்கள். 2021 விழாவுக்கான பட்டியலில் 366 படங்கள். அதில் ஒன்று ‘சூரரைப் போற்று’. தொற்றுக் காலத்தில் திரையரங்குகள் மூடிக் கிடந்ததால், நேரே இணையத் தளத்தில் வெளியான படங்களுக்கும் அப்போது விதியைத் தளர்த்தியிருந்தார்கள். 2022க்கு 276, அதில் ‘ஜெய் பீம்’. 2025க்கு 323; அதில் ‘கங்குவா’. மூன்று முறையும் “ஆஸ்கர் பட்டியலில் தமிழ்ப் படம்” என்று கைப்பேசிகளில் வாழ்த்து பறந்தது. பொய் இல்லை. ஆனால் மூன்றும் இறுதிப் பட்டியலுக்கு வரவில்லை.

அந்த 323இல் சிறந்த படப் பிரிவுக்குத் தகுதியானவை 207 மட்டும்தான். மற்றவை எங்கே போயின? சிறந்த படத்துக்கு மட்டும் கூடுதல் நிபந்தனை உண்டு. முதல் வாரம் ஓடிய பிறகு, அமெரிக்காவின் பெரிய 50 சந்தைகளில் 10 இடத்திலாவது மேலும் 7 நாள் ஓடியிருக்கவேண்டும். திரையிலும் படக்குழுவிலும் பலதரப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்கும் படிவமும் நிரப்பவேண்டும். பல தயாரிப்பாளர்கள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

‘ஆர்ஆர்ஆர்’ போனதும் இந்தப் பொதுக் கதவில்தான். இந்தியா வேறு படத்தை அனுப்பிவிட்டதால் படக்குழு தானே விண்ணப்பித்தது. அதற்கப்புறம் பாட்டு ஏறிய படி தனி. இசைக் கிளை உறுப்பினர்கள் பாடல்களிலிருந்து 15ஐத் தேர்ந்து குறும்பட்டியல் போட, அதிலிருந்து ஐந்து இறுதிப் பட்டியலுக்கு வந்தன. கடைசியில் எல்லாக் கிளையும் ஓட்டுப் போட்டது. 2009இல் ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு விருது வாங்கியதும் பொதுக் கதவில்தான். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ இந்தியாவில் எடுத்த பிரிட்டிஷ் தயாரிப்பு. “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்று அந்த மேடையில் தமிழ் ஒலித்தது. ஆனால் அந்தப் படத்தை இந்தியா அனுப்பவில்லை.

நாடு அனுப்பும் கதவு

மாநிலக் காற்பந்துக்குத் தோட்டம் ஒரு குழுவைத்தான் அனுப்பலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் மூன்று நல்ல குழு இருந்தாலும் ஒன்றுதான். இரண்டாவது கதவு அப்படிப்பட்டது. அதன் இன்றைய பேர் ‘சர்வதேசத் திரைப்படம்’. 2019வரை ‘அந்நிய மொழிப் படம்’.

ஒரு நாட்டுக்கு ஒரு படம். அமெரிக்காவில் ஓடியிருக்கத் தேவையில்லை. சொந்த நாட்டுத் திரையரங்கில் 7 நாள் ஓடியிருந்தால் போதும். வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம் அல்லாத மொழியில் இருக்கவேண்டும். இந்தியாவில் இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு ஒரு குழு வைத்துத் தேர்ந்தெடுக்கிறது. ஆண்டுதோறும் 80, 90 நாடுகள் அனுப்புகின்றன. அவற்றிலிருந்து 15 குறும்பட்டியல், பிறகு ஐந்து இறுதிப் பட்டியல். ‘செல்லோ ஷோ’ நின்றது அந்த 15இல்.

1957 முதல் படம் அனுப்பிவரும் இந்தியா, கடைசி ஐந்தில் வந்தது மூன்றே முறை: ‘மதர் இந்தியா’, ‘சலாம் பாம்பே’, ‘லகான்’. ‘மதர் இந்தியா’ ஒரே ஓட்டில் தோற்றதாக ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. அகாடமி ஓட்டுக் கணக்கை வெளியே சொல்வதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் கதையைக் கேளுங்கள். தமிழில் முதலில் போனது சிவாஜி மூன்று வேடம் போட்ட ‘தெய்வமகன்’. பிறகு ‘நாயகன்’, ‘அஞ்சலி’, ‘தேவர் மகன்’, ‘இந்தியன்’, ‘ஜீன்ஸ்’, ‘விசாரணை’, ‘கூழாங்கல்’ என்று பட்டியல் நீளும். ஒன்றும் கடைசி ஐந்துக்கு வரவில்லை. ‘ஜீன்ஸ்’ எப்படிப் போனது என்று கேட்கிறவர்கள் உண்டு. அதற்குப் பதில் அமெரிக்காவில் இல்லை, அந்த ஆண்டுத் தேர்வுக் குழுவில் இருக்கிறது.

சுருக்கிச் சொன்னால், பொதுக் கதவில் படக்குழு தானே போகும். அமெரிக்கத் திரையரங்கு வேண்டும். பாட்டு, உடை, ஒலி, நடிப்பு எல்லாப் பிரிவும் திறந்திருக்கும். நாட்டுக் கதவில் அரசோ கூட்டமைப்போ அமைத்த குழு அனுப்பும், அமெரிக்கத் திரையரங்கு வேண்டாம், ஒரே பிரிவு. ஒரு படம் இரண்டு கதவிலும் நுழையலாம். கொரியப் படம் ‘பாரசைட்’ 2020இல் அப்படித்தான் சர்வதேசப் படம், சிறந்த படம் இரண்டையும் அள்ளியது.

மலேசியாவின் பேரில் தமிழ்ப் படம் போகலாமா?

போகலாம். இது பலருக்குத் தெரியாது. 2006க்கு முன் இந்தப் பிரிவில், அனுப்பும் நாட்டின் ஆட்சிமொழி ஒன்றில்தான் படம் இருக்கவேண்டும் என்ற விதி இருந்தது. 2006இல் அதை எடுத்துவிட்டார்கள். அடுத்த விழாவிலேயே கனடா அனுப்பிய இந்திப் படம் ‘வாட்டர்’ கடைசி ஐந்தில் வந்தது. சிங்கப்பூர் 2008இல் ‘மை மேஜிக்’ என்ற தமிழ்ப் படத்தை அனுப்பியது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி என்பதால் பழைய விதியிலும் தடையிருந்திருக்காது. மலேசியாவுக்குத்தான் 2006 மாற்றம் முக்கியம்.

மலேசியா முதலில் அனுப்பியது 2004இன் ‘புத்ரி குனுங் லேடாங்’. மலேசியத் தமிழ்ப் படம் எதுவும் இன்னும் இந்தக் கதவைத் தாண்டிப் போனதாகப் பேச்சில்லை. ஆனால் தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்களின் வாழ்க்கையைச் சொன்ன ‘ஜகாட்’ 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை வாங்கியது. மலாய் அல்லாத மொழிப் படத்தைத் தனிப் பிரிவில் ஒதுக்குவதா என்ற சச்சரவு அதற்கு முன் நாடெங்கும் நடந்தது. அது உள்ளூர் விருதின் விதி பற்றிய சண்டை. ஆஸ்கர் விதியில் மொழித் தடை அதற்குப் பத்தாண்டு முன்பே போய்விட்டது.

இங்கே படம் எடுக்கிறவர்கள் கவனிக்கவேண்டியது வேறொன்று: அந்தப் பாதிக்கு மேல் என்ற கணக்கு. 2020இல் கனடா ‘ஃபன்னி பாய்’ என்ற படத்தை அனுப்பியது. இலங்கைத் தமிழ்க் குடும்பத்துக் கதை, இயக்கம் தீபா மேத்தா. வசனத்தில் ஆங்கிலம் கூடுதல் என்று அகாடமி அதை ஏற்கவில்லை. நம் ஊர்ப் பேச்சில் தமிழும் மலாயும் எவ்வளவு கலந்தாலும் கவலையில்லை. கோலாலம்பூர் அலுவலகக் காட்சிகளை முழுக்க ஆங்கிலத்தில் எழுதி நிரப்பினால்தான் வம்பு.

ஓட்டை எப்படி எண்ணுகிறார்கள்?

இறுதிப் பட்டியலைப் போடுவது பெரும்பாலும் அந்தந்தக் கிளை. நடிகரை நடிகர்கள், ஒளிப்பதிவாளரை ஒளிப்பதிவாளர்கள். பால்மரம் வெட்டுகிறவரின் கத்திப் பிடியை இன்னொரு வெட்டுக்காரர்தான் எடைபோட முடியும் என்ற நியாயம். சிறந்த படத்துக்கு எல்லாக் கிளையும் பேர் சொல்லும். கடைசி ஓட்டில் எல்லாப் பிரிவுக்கும் எல்லாரும் ஓட்டுப் போடலாம். பெரும்பாலான பிரிவுகளில் அதிக ஓட்டு வாங்கியவர் வெல்வார். அதில் விளக்க ஒன்றுமில்லை.

சிறந்த படம்தான் சிக்கல். 1940களின் நடுவிலிருந்து ஐந்து படமாக இருந்த இறுதிப் பட்டியலை 2010 விழாவுக்குப் பத்தாக்கினார்கள். முந்தின ஆண்டு ‘தி டார்க் நைட்’ போன்ற கூட்டம் சேர்த்த படம் உள்ளே வராமல் போனதுதான் காரணம் என்று பரவலாகச் சொல்வார்கள். பத்துப் படம் என்றால் கணக்கில் ஓர் ஆபத்து. 10,000 ஓட்டுச் சிதறினால் 1,001 ஓட்டு வாங்கிய படமே வென்றுவிடலாம். மற்ற 8,999 பேருக்கு அது பிடிக்காத படமாகக்கூட இருக்கலாம். அதனால் ‘விருப்ப வரிசை ஓட்டு’ என்ற முறைக்குப் போனார்கள். ஒரு படத்துக்கு மட்டும் குறியிடாமல், பிடித்த வரிசையில் 1, 2, 3 என்று எண் போடுவது அது.

இளைஞர் மன்றம் திருவிழா இரவில் திடலில் ஒரு படம் போடப்போகிறது. உறுப்பினர் 50 பேர், படம் நான்கு. முதல் விருப்பம் இப்படி விழுகிறது: எம்ஜிஆர் படம் 18, ரஜினி படம் 16, உள்ளூர்த் தமிழ்ப் படம் 10, பேய்ப்படம் 6. வெல்ல 26 வேண்டும், யாருக்கும் இல்லை. கடைசியில் நிற்கும் பேய்ப்படத்தை எடுத்துவிட்டு, அந்த 6 சீட்டில் இரண்டாவதாக யார் இருக்கிறார் என்று பார்க்கிறோம். 5 உள்ளூர்ப் படத்துக்கும் 1 ரஜினிக்கும் போகிறது. இப்போது 18, 17, 15. இன்னும் 26 இல்லை. உள்ளூர்ப் படத்தை எடுக்கிறோம். அந்த 15இல் ரஜினிக்கு 11, எம்ஜிஆருக்கு 4. முடிவு: எம்ஜிஆர் 22, ரஜினி 28. ரஜினி படம்தான் திரையில்.

முதல் சுற்றில் முன்னே நின்றது எம்ஜிஆர் படம். தோற்றது ஏன்? அதைப் பிடித்தவர்களுக்கு உயிர்; மற்றவர்களுக்கு அது மூன்றாவதோ நான்காவதோ. ரஜினி படம் பலருக்கு இரண்டாவது. விருப்ப வரிசை முறை இப்படித்தான், சிலர் வெறியோடு பிடித்துக்கொள்ளும் படத்தைவிட பலர் முகம் சுளிக்காத படத்துக்குச் சாய்கிறது. “இது எப்படிச் சிறந்த படம்? யாருக்கும் இது முதல் சாய்ஸ் இல்லையே” என்று ஒவ்வோர் ஆண்டும் எழும் புலம்பலுக்குப் பாதி விடை இதில் உண்டு.

இடையில் தவறாகிற இடம் ஒன்று. சிலர், “எனக்குப் பிடித்தது ஒன்றுதான்” என்று 1 மட்டும் போட்டு மற்றதைக் காலியாய் விடுவார்கள். அந்தப் படம் எடுபட்டால் அந்தச் சீட்டுக்கு வேலை முடிந்தது. அடுத்த சுற்றில் அவர் குரல் கிடையாது. இரண்டாவது எண் போட்டால் முதல் படத்துக்குக் கெடுதல் என்று நினைப்பது தப்பு. முதல் படம் வெளியேறிய பிறகுதான் இரண்டாவது எண்ணையே பார்ப்பார்கள்.

இத்தனை கணக்குப் போட்டவர்கள், ஓட்டுப் போடுகிறவர் படத்தைப் பார்த்தாரா என்று நெடுங்காலம் கண்டிப்பாகக் கேட்கவில்லை. 2026 விழாவிலிருந்துதான், ஒரு பிரிவில் கடைசி ஓட்டுப் போட அந்தப் பிரிவின் எல்லாப் படத்தையும் பார்த்திருக்கவேண்டும் என்ற விதி. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து.

உறையில் நடந்த கோளாறு

ஒவ்வொரு விருதுக்கும் உறை இரண்டு உண்டு. மேடையின் இரு பக்கமும் ஒரு கணக்காளர், ஒரு பெட்டி. வழங்குபவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அங்கேயே உறை கிடைக்கும். ஒரு பக்கத்து உறையைக் கொடுத்தால், மறுபக்கத்தில் இருப்பவர் தன் கையிலுள்ள அதே உறையை ஒதுக்கிவிடவேண்டும்.

2017 பிப்ரவரி 26 இரவு அந்த ஒதுக்கல் நடக்கவில்லை. சிறந்த நடிகை விருதைக் கொடுத்து முடித்தபின்னும் அதன் இரண்டாம் உறை மறுபக்கத்துப் பெட்டியில் இருந்தது. சிறந்த படத்தை அறிவிக்கப் போன வாரன் பேட்டியின் கையில் அது போய்விட்டது. உள்ளே “எமா ஸ்டோன், லா லா லேண்ட்” என்று இருந்தது. அவர் தயங்கினார், பக்கத்தில் நின்ற ஃபே டனவே படத்தின் பேரை மட்டும் வாசித்துவிட்டார். ‘லா லா லேண்ட்’ குழு மேடையேறி நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான், வென்றது ‘மூன்லைட்’ என்று திருத்தினார்கள். சீட்டில் பிரிவின் பேர் அடியில் பொடி எழுத்தில் இருந்ததும் ஒரு காரணம். அதன்பின் பிரிவின் பேரைப் பெரிதாக அச்சடித்தார்கள், மேடைப்பக்கம் கணக்காளர் கையில் கைப்பேசி கூடாது என்றார்கள், முடிவுகளை மனப்பாடம் செய்த மூன்றாவது கணக்காளர் ஒருவரைக் கட்டுப்பாட்டு அறையில் உட்காரவைத்தார்கள். மறுபடியும், ஓட்டைக்கு ஒட்டு.

அடுத்த முறை செய்தி வரும்போது

“ஆஸ்கர் பட்டியலில்” என்று தலைப்பு வந்தால் முதலில் எண்ணைத் தேடுங்கள். 200, 300 என்று இருந்தால் அது பெரட்டு. 15 என்றால் குறும்பட்டியல், பாதிக் கிணறு. ஐந்தோ, சிறந்த படத்துக்குப் பத்தோ என்றால் இறுதிப் பட்டியல். அப்போது பட்டாசு வாங்கலாம். மாதமும் துப்புக் கொடுக்கும். ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் வரும் செய்தி பெரும்பாலும் நாடு அனுப்பியது பற்றி. டிசம்பரில் வந்தால் குறும்பட்டியல். ஜனவரியில் மட்டும் கண்ணை விரித்துப் படிக்கவேண்டும், தகுதிப் பட்டியலும் இறுதிப் பட்டியலும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் அடுத்தடுத்து வரும்.

நேரலை பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. விழா அங்கே ஞாயிறு மாலை. நமக்குத் திங்கள் காலை. மார்ச் இரண்டாம் ஞாயிறன்று அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள். அதற்கு முந்தின ஞாயிறு விழா என்றால் நமக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் 16 மணி நேர வித்தியாசம். அன்றோ அதற்குப் பின்னோ என்றால் 15. அங்கே மாலை 4 என்று போட்டிருந்தால் 2025 மார்ச் 2 விழாவுக்கு நமக்குக் காலை 8. 2024 மார்ச் 10 விழாவுக்குக் காலை 7. சிறந்த படம் பெரும்பாலும் கடைசி. அதற்கு இன்னும் மூன்றரை மணி நேரம் இருக்கிறது, வேலைக்குப் போய்விட்டு இடைவேளையில் பார்த்தாலும் தவறிப்போகாது.